எபேசுவில் ஒரு நாள்: வருடங்கள் போயும் ஆறாத கோபம்

எங்கள் சபைப் பாடகர் குழுவில் இருக்கும் தங்கை ஒருத்தி போன வாரம் ஒரு பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். "அக்கா, நீங்க போன அதே ஏழு சபைகள் டூர்தான். இப்ப ரேட் குறைச்சிருக்காங்க. போலாமா?" வேதத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகள் இருந்த ஊர்களை, இன்றைய துருக்கியில், சுற்றிக்காட்டும் பயணம் அது; எபேசு அவற்றில் ஒன்று. திறந்ததும் நேராக எபேசு நாளைத்தான் தேடினேன். காலையில் இயேசுவின் தாயார் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மரியாள் வீடு, அடுத்து எபேசு இடிபாடுகள், மதியச் சாப்பாடு, தோல் ஆடைக் கண்காட்சி, ஆர்த்தெமிஸ் கோவில், "நேரமிருந்தால்" யோவான் பேராலயம். நான் போய்வந்து வருடங்கள் ஆகிவிட்டன. வரிசை அப்படியே இருக்கிறது.

விசா, ஓட்டல், பஸ், சாப்பாடு பற்றியெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். அவற்றில் எனக்கும் குறை இல்லை. நான் சொல்ல வந்தது அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். எபேசுவின் அரங்கம். மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கல் இருக்கைகள். சுமார் 25,000 பேர் உட்காரலாம் என்கிறார்கள். எங்களோடு வந்த ஐயரவர்கள் (சபைப் போதகர்) கீழே நின்று, அப்போஸ்தலன் பவுலுக்கு எதிராக எபேசுவில் எழுந்த கலகத்தைச் சொல்லும் அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தை மைக் இல்லாமல் வாசித்தார். மேல் வரிசைகளில் இருந்த எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஒருவர் குரலே இப்படியென்றால், ஊரே திரண்டு "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று இரண்டு மணி நேரம் கத்தியது எப்படி இருந்திருக்கும்? (ஆர்த்தெமிஸ் தேவிக்குத் தமிழ் வேதத்தில் தியானாள் என்று பெயர்.) துறைமுகம்வரை கேட்டிருக்கும்.

பவுல் பிரசங்கித்த இடம் என்று பலரும் சொல்லி அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள். வேதம் சொல்வது வேறு. காயுவையும் அரிஸ்தர்க்குவையும் ஜனங்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். பவுல் உள்ளே போக விரும்பினார், சீஷர்கள் விடவில்லை. அவருக்குச் சிநேகிதரான ஆசியா நாட்டு (எபேசு இருந்த ரோம மாகாணம்) தலைவர்களும் போகவேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். தன்னோடு வழி நடந்த இருவர் உள்ளே மாட்டியிருக்க, அந்தச் சத்தத்தை வெளியே எங்கோ நின்று கேட்டுக்கொண்டிருந்த பவுலை அன்றுதான் நான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தேன். ஆசியாவில் நேரிட்ட உபத்திரவத்தில் பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போனது என்று கொரிந்தியருக்கு எழுதுகிறாரே, அந்த வசனம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த அரங்கம்தான் எழுந்து நிற்கிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த அதிகாரத்தை நடத்தும்போது என் குரலே மாறிவிடுகிறது. கொடுத்த பணத்துக்கு இது ஒன்றே போதும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

இன்னொரு சங்கதி நான் வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டது. உலக அதிசயங்களில் ஒன்றான அந்தத் தியானாள் கோவில் எங்கே புதைந்து கிடக்கிறது என்பதே பல நூற்றாண்டுகளாக யாருக்கும் தெரியாமல் இருந்தது. ஜான் டர்டில் வுட் என்ற ஆங்கிலேயர் 1863-ல் தேடத் தொடங்கினார். வழி காட்டியது இதே அரங்கத்தில் கிடைத்த கி.பி. 104-ஆம் வருடத்துக் கல்வெட்டு. பொன், வெள்ளிச் சிலைகளை ஊர்வலமாகக் கோவிலிலிருந்து எந்த வாசல் வழியே அரங்கத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வாசலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பாதையைப் பிடித்துக்கொண்டே போய், 1869 கடைசியில் ஆறு மீட்டர் வண்டலுக்கடியில் கோவிலின் தளத்தைக் கண்டார். அரங்கத்தில் நிற்கும்போது இதை யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சொல்ல நேரம் இல்லை. அந்த நேரம் எங்கே போனது என்பதற்குத்தான் வருகிறேன்.

அதற்கு முன் செல்சஸ் நூலகம். எல்லா விளம்பரத்திலும் இருக்கும் அந்த இரண்டடுக்கு முகப்பு. அழகுதான், விழுந்து கிடந்த கற்களை 1970-களில் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் எடுத்து நிறுத்தினார்கள். ஆனால் அது 2-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பவுல் அதைப் பார்த்ததே இல்லை. எங்கள் குழுப் படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. ஆளாளுக்குத் தனிப்படம் வேறு. அதை ஒட்டினாற்போல் வலதுபக்கம் மூன்று வளைவுகளோடு ஒரு வாசல் இருக்கிறது. ரோமப் பேரரசர் அகுஸ்துராயன் வீட்டாருக்கு அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற மசேயுஸ், மித்ரிதாத்தேஸ் என்ற இருவர் கி.மு. 3-ஐ ஒட்டிக் கட்டி அவருக்கு அர்ப்பணித்தது. அதைத் தாண்டினால் கடைவீதிச் சதுக்கம். பவுல் இருந்த வருடங்களில் இந்த வாசல் நின்றுகொண்டிருந்தது. என் தேவைகளுக்கும் என்னோடிருந்தவர்களுக்கும் இந்தக் கைகளே வேலை செய்தன என்று எபேசு மூப்பர்களிடம் சொன்னவர் இந்தச் சதுக்கத்துக்கு வராமலா இருந்திருப்பார்? நாங்கள் அதில் நின்றது படம் எடுத்துவிட்டு ஆட்களை எண்ணிய நேரம் மட்டுமே.

மரியாள் வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எங்கள் குழுவில் கத்தோலிக்கக் குடும்பங்களும் இருந்தன. அவர்கள் முழங்காலில் நின்றபோது சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களான நாங்களும் அமைதியாக நின்றோம். மலைமேல் நல்ல நிழல், நல்ல காற்று. கீழே எபேசுவில் நிழலே கிடையாது. பளிங்குப் பாதை வழுக்கும். முட்டுவலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டுபோங்கள்; மேல் வாசலில் இறக்கிவிட்டால் இறக்கமாகவே நடந்து வந்துவிடலாம்.

இப்போது அந்தக் கடை. சாப்பாடு முடிந்ததும் பஸ் ஒரு பெரிய தோல் ஆடை ஷோரூமில் போய் நின்றது. ஆப்பிள் தேநீர் கொடுத்தார்கள், விளக்கை அணைத்தார்கள், பாட்டு போட்டு ஆணும் பெண்ணுமாக ஜாக்கெட் அணிந்து நடந்து காட்டினார்கள். பிறகு ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு விற்பனையாளர். வெளியே வரலாம் என்றால் பஸ் பூட்டிக் கிடக்கிறது, ஓட்டுநரைக் காணோம். ஒன்றரை மணி நேரம். எங்களில் ஒருவரும் எதுவும் வாங்கவில்லை.

அங்கிருந்து ஆர்த்தெமிஸ் கோவில். சதுப்பு நிலத்தில் ஒற்றைத் தூண், அதன் உச்சியில் நாரைக் கூடு. பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து நிமிடம். பிறகு அயசுலுக் மேட்டுக்கு ஏறினால் யோவான் பேராலயத்தின் வாசலைச் சாத்திவிட்டார்கள். இயேசுவின் சீஷர் யோவானை அடக்கம்செய்த இடம் என்று பழங்காலந்தொட்டுச் சொல்லப்படும் கல்லறைமேல் யுஸ்தினியான் பேரரசர் 6-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம் அது. ஒருபக்கம் படியிறங்கி மறுபக்கம் ஏறும் ஞானஸ்நானத் தொட்டியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்களோடு ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்திருந்தார். யோவான் சுவிசேஷத்தில் எந்த அதிகாரத்தைக் கேட்டாலும் பாராமல் சொல்லுவார். "இதுக்காகத்தானே வந்தேன்" என்றார். வேறெதுவும் பேசவில்லை. அந்த அம்மாவை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் புதிதாக வருகிறது.

நியாயமாகப் பேசவேண்டும் என்றால், வழிகாட்டி படித்தவர், பொறுமைசாலி. சொன்ன பணத்துக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. கடைகள் தரும் கமிஷனால்தான் இந்த விலைக்குக் கூட்டிப்போக முடிகிறது என்று பின்னர் விசாரித்தபோது நிறுவனத்தார் சொன்னார்கள். உண்மையாக இருக்கலாம். அப்படியானால் அந்தத் தொகை எவ்வளவு என்று முன்பே சொல்லட்டும், ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுக் கொடுத்துவிடுகிறோம். வாழ்நாளில் ஒரு தடவை, நகையை அடகு வைத்துக்கூட வருகிறவர்களின் நேரத்தை விற்பதற்கு நிறுவனத்தாருக்கு உரிமை இல்லை.

ஆகவே தங்கைக்கு என் பதில்: இந்த டூரில் போகவேண்டாம். அரங்கத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்று கேட்பாள். அரங்கம் அங்கேயேதான் இருக்கப்போகிறது. எபேசுவுக்குப் பக்கத்திலுள்ள செல்சுக் ஊரில் ஒரு இரவு தங்கவைக்கும் திட்டம் யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கட்டும். பேராலயம், ஒற்றைத் தூண், ஆர்த்தெமிஸ் சிலைகள் இருக்கும் அருங்காட்சியகம் எல்லாம் அங்கிருந்து நடக்கிற தூரம். இடிபாடுகள் மூன்று கிலோமீட்டர்தான். விலை கூடத்தான் செய்யும். "நேரமிருந்தால்" என்ற சொல் திட்டத்தில் எங்கே இருந்தாலும் அதை அடித்துவிட்டு மணிக்கணக்கு எழுதித் தரச் சொல்லட்டும். தரமாட்டேன் என்றால் முன்பணம் கட்டவேண்டாம்.