47-ஆம் நாள் வந்த பதில்

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் காலாண்டிதழ் அது. குறையும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். முதல் கதையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நிபந்தனைகளை இதழின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்: யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பு, 3,000 சொற்களுக்குள், அதே கதை வேறெங்கும் பரிசீலனையில் இருக்கக் கூடாது. எழுத்துரு விஷயத்தில் கவனமாக இருங்கள். என் கதை யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்தது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகு படித்துப் பார்த்தால் பல இடங்களில் கொம்புகள் இடம் மாறிக் கிடந்தன. திருத்த ஓர் இரவு பிடித்தது.

47-ஆம் நாள் தபாலில் பதில் வந்தது. அதற்கு முன் வேறோர் இதழுக்கு அனுப்பிவிட்டு எட்டு மாதம் காத்திருந்தவள் நான். வேண்டாம் என்று ஒரு வரிகூட அங்கிருந்து வரவில்லை. இங்கே ஆசிரியர் கதையை அச்செடுத்து, சிவப்பு மையில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். உப்பளத்தில் வேலை செய்யும் தாயைப் பற்றிய கதை. "துயரத்தோடு தன் கைகளைப் பார்த்தாள்" என்ற வரியில் "துயரத்தோடு" அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒரு கேள்வி: "கையில் என்ன இருந்தது?"

என் அம்மாவின் விரலிடுக்குகளில் உப்பு அரித்த வெடிப்புகள் இருக்கும். இரவில் விளக்கடியில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவுவார். அதை நான் எழுதாமலே விட்டிருந்தேன். கதையின் பாதியை மறுபடி எழுதினேன்.

சன்மானம் கிடையாது, இரண்டு பிரதிகள் மட்டும். அவையும் இதழ் கடைக்கு வந்து ஐந்து வாரம் கழித்தே கிடைத்தன. என் பெயரின் தலைப்பெழுத்து தவறாக அச்சாகியிருந்தது. மெய்ப்புப் பார்க்க ஒருமுறை அனுப்பியிருக்கலாம், அது எனக்கு வலித்தது. 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தகக் கட்டுகளைத் தானே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றவர். பிரதிகள் வந்த உறையைப் பார்த்தபோது அவர் நினைவுதான் வந்தது. முகவரி எழுதியிருந்ததும் அதே சிவப்பு மைக் கையெழுத்து.

ஆண்டுச் சந்தா கட்டிவிட்டேன். அடுத்த கதையையும் அங்கேதான் அனுப்பப்போகிறேன்.