கதீற்றர்க் கைபிடிக்குள் கம்பி இணைப்பு: ஈயமா, வெல்டிங்கா, செருகியா?

என் மேசையில் இப்போது கிடப்பது, காலாவதித் திகதி கடந்துவிட்டதால் எந்த நோயாளியின் உடலுக்குள்ளும் போகாமல் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்ட ஒரு கதீற்றர், அதாவது உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய். நுனியை இடமும் வலமும் வளைத்து இதயத்தின் அறைகளுக்குள் செலுத்தக்கூடிய வகை அது. உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கும் என் அக்காவின் மகன் விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வந்தபோது இதை எடுத்துவந்தான். இறுதியாண்டுச் செயற்றிட்டமாக இத்தகைய கைபிடியொன்றின் மாதிரியைச் செய்யவிருக்கிறான். உள்ளே வரும் மெல்லிய கம்பிகளை எந்த முறையில் இணைப்பது என்பதுதான் அவனுடைய கேள்வி. மீன்பிடிப் படகுகளின் வானொலிக் கருவிகளையும் ஆழமானிகளையும் திருத்துவது என் தொழில். இதயத்தின் மின்னியல் எனக்கு அந்நியம். ஆனால் கம்பியும் ஈயமும் உப்புக்காற்றும் பழக்கமானவை.

கைபிடியின் இரண்டு பாதிகளையும் பிரித்தவுடன் வேலையின் சிக்கல் விளங்கிவிட்டது. தண்டு ஏழு பிரெஞ்சு அளவுடையது, அதாவது அதன் விட்டம் 2.3 மில்லிமீற்றர் மட்டுமே. அந்தக் குழாய்க்குள் நுனியை இழுத்து வளைக்கும் உருக்குக் கம்பியும், இதயத்தின் மின்சைகைகளை வாங்கும் மின்வாய்களான பத்துப் பிளாற்றின வளையங்களிலிருந்து வரும் பத்துச் செப்புக் கம்பிகளும் சேர்ந்து ஓடிவருகின்றன. செப்புக் கம்பி ஒவ்வொன்றும் தலைமயிரின் பருமன்தான்: 40ஆம் கேஜ், 0.08 மில்லிமீற்றர், மேலே எனாமல் பூச்சு. பெருவிரலால் வழுக்கியைத் தள்ளும்போது தண்டைப் பற்றியிருக்கும் உருளை கைபிடிக்குள் 12 மில்லிமீற்றர் நகர்வதை வேணியர் இடுக்கிமானியால் அளந்தோம். கம்பிகள் போய்ச் சேரும் சுற்றுப் பலகையோ அசைவதில்லை. அசையும் தண்டுக்கும் அசையாத பலகைக்கும் இடையில் கம்பிகள் தளர்வான வளையமாக விடப்பட்டிருக்கின்றன. அந்த 12 மில்லிமீற்றரையும் ஏற்றுக்கொள்வது அந்தத் தளர்வுதான்.

பத்துக் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தவன், "மாமா, ஈயம் விடேல்லை; கம்பிதான் அறுந்துபோய்க் கிடக்கு" என்றான். ஈயத்துளி பலகையில் பளபளப்பாக, உறுதியாகவே இருந்தது. அதிலிருந்து ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தூரத்தில், எனாமல் சுரண்டப்பட்டிருந்த இடத்தில், கம்பி முறிந்திருந்தது. மற்ற ஒன்பதையும் விட அந்தக் கம்பி சற்றுக் கட்டையாக இருந்ததால், வழுக்கி முன்னுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அது இழுபட்டு ஈயத்தின் விளிம்பில் மடிந்திருக்கிறது. ஒரே நோயாளிக்குப் பயன்படுத்தி எறிய வேண்டிய பொருளைப் பயிற்சிக்கூடத்தில் எத்தனையோ நூறு தடவை தள்ளியிருப்பார்கள் என்பதால், செய்தவர்களை இதற்குக் குறைசொல்ல முடியாது. ஆயினும் இந்தக் கைபிடிக்குள் எந்த இணைப்பு முறையை எடுத்தாலும், அதை ஒட்டிய ஒரு மில்லிமீற்றரில் கம்பிக்கு என்ன நேர்கிறது என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும் என்ற என் எண்ணத்தை அந்த முறிவு உறுதிப்படுத்தியது.

இணைப்புகளை ஒப்பிடுவோர் வழக்கமாகத் தொடுகைத் தடையில் இருந்துதான் தொடங்குவார்கள். இங்கே அதற்கு அநேகமாக வேலையில்லை. 0.08 மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 3.4 ஓம், கதீற்றர் ஒரு மீற்றருக்கு மேல் நீளமானது என்பதால் கம்பி மட்டுமே நான்கு ஓம் வரை எடுத்துக்கொள்ளும். ஈயமோ வெல்டிங்கோ செருகியோ சேர்க்கும் சில மில்லிஓம் அதன் முன் கணக்கில் வராது. தடை சிறிதா பெரிதா என்பதை விட, அது ஒரே நிலையில் நிற்கிறதா என்பதே முக்கியம். இதயத்தசையிலிருந்து வரும் சைகை சில மில்லிவோல்ற்று அளவானது. தழும்பேறிய தசையில் அரை மில்லிவோல்ற்றுக்கும் கீழே இறங்கிவிடும். வழுக்கியைத் தள்ளும் வேளையில் ஒரு தொடுகை கணநேரம் தளர்ந்து இறுகினால், திரையில் அது இதயத்தின் சைகையைப் போன்றே ஒரு கீறலை வரையக்கூடும். ஆகவே அசைவு, ஈரம், கைவேலை ஆகியவற்றை வைத்தே இந்த முறைகளை எடைபோட்டேன்.

ஈயம் வைப்பது, அதாவது பாடப்புத்தகம் பற்றாசு பிடித்தல் என்று சொல்லும் பழைய முறை, இன்னும் தோற்றுப்போகவில்லை. கருவி மலிவு; பிழைத்தால் உருக்கி மீண்டும் செய்யலாம்; நல்லதையும் கெட்டதையும் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கம்பி மெலியும்போதுதான் தொல்லைகள் தலைகாட்டும். பொலியூரித்தேன் எனாமல் ஏறத்தாழ 390 பாகை செல்சியஸில் உருகிய ஈயத்திலேயே எரிந்து விலகிவிடும். வெப்பத்தைத் தாங்கும் பொலியிமைட் எனாமல் அப்படி விலகாது. கத்தியால் சுரண்டினால் செம்பில் கீறல் விழும், பின்னர் முறிவு அந்தக் கீறலிலிருந்தே தொடங்கும். எங்கள் மேசையில் இருந்த கம்பிக்கும் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். லேசரால் எனாமலை நீக்குவது சுத்தமான வழி. ஆனால் அதற்குரிய இயந்திரம் வேண்டும்.

அதற்கு அடுத்த தொல்லை, உருகிய வெள்ளீயத்தில் செம்பு கரைவது. தடித்த கம்பியில் எவருடைய கண்ணுக்கும் படாத இந்தக் கரைவு, 0.05 மில்லிமீற்றர்க் கம்பியில் சூடு சற்றுக் கூடிப்போனால் சில செக்கன்களிலேயே அதை மெலியவைத்துவிடும். 183 பாகையில் உருகும் பழைய, வெள்ளீயம் 63க்குக் காரீயம் 37 கலவையை விட, 217 பாகைக்கு மேல் உருகும் காரீயமற்ற கலவையில் வெள்ளீயமும் கூட, வேலைசெய்யும் வெப்பமும் கூட. அதனால் கரைவும் கூட. ஐரோப்பிய ஒன்றியம் 2014 யூலை 22 முதல் மருத்துவச் சாதனங்களையும் காரீயக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டதால், அந்தச் சந்தையை நோக்கிச் செய்பவர்கள் இந்தக் கரைவைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பசையான பிளக்ஸைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிண்ணியாவிலிருந்து திருத்தத்துக்கு வரும் வானொலிப் பெட்டிகளைத் திறந்தால், யாரோ அவசரமாக ஈயம் வைத்த இடத்தைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கும். கழுவாமல் விட்ட பிளக்ஸும் மாரிகாலக் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை அது. கதீற்றர்க் கைபிடி கடலுக்குப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் எதிலீன் ஒட்சைட்டு வாயுவால் கிருமிநீக்கம் செய்யும்போது அது சூடும் ஈரமும் நிறைந்த அறைக்குள் மணிக்கணக்கில் இருக்கிறது. சில வகைகளில் நுனியைக் குளிர்விக்கும் உப்புநீர்க் குழாயும் அதே கைபிடிக்குள்ளால்தான் ஓடுகிறது. இதயத்தை நேரடியாகத் தொடும் பகுதிக்கு மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புக்கான ஐ.ஈ.சி. 60601-1 நியமம் இயல்பு நிலையில் அனுமதிக்கும் கசிவு மின்னோட்டம் 10 மைக்றோ அம்பியர் மட்டுமே. ஏதாவதொரு பழுது ஏற்பட்ட நிலையிலும் 50ஐத் தாண்டக்கூடாது. இரண்டு செப்புத்திட்டுகளுக்கு இடையில் கிடக்கும் பிளக்ஸ் கறைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. ஈயத்தைத் தெரிவு செய்பவர் கழுவுவதையும் அதன்மேல் காப்புப் பூச்சு இடுவதையும் சேர்த்தே தெரிவு செய்ய வேண்டும்.

வெல்டிங்கில் பிளக்ஸும் இல்லை, வெள்ளீயமும் இல்லை. ஆகையால் கறையும் கரைவும் இல்லை. இரு மின்முனைகளால் அழுத்தி மின்னோட்டம் பாய்ச்சினாலும் லேசரைப் பாய்ச்சினாலும் வேலை சில மில்லிசெக்கன்களில் முடிகிறது. ஆனால் செம்பு இதற்கு அவ்வளவாக ஒத்துழைக்கும் உலோகமல்ல. வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் சூட்டை ஓரிடத்தில் நிற்கவிடாது. சாதாரண அகச்சிவப்பு லேசர் ஒளியின் பெரும்பகுதியைத் தெறிக்கவிடும். பச்சை லேசரை அது கூடுதலாக உறிஞ்சுவதால், நுண்ணிய செப்பு வேலைகளுக்கு அதையே நாடுகிறார்கள். அழுத்திச் செய்த வெல்டிங்கில் கம்பி தட்டையாகி, சூடுபட்ட பகுதி பதமிழந்து மென்மையாகிறது. ஆக, மடிப்பு விழும் பலவீனமான மில்லிமீற்றர் இங்கும் இருக்கத்தான் செய்கிறது. பிழைத்துவிட்டால் உருக்கித் திருத்தவும் வழியில்லை. வெட்டி மீண்டும் செய்ய வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் தளர்விலிருந்து ஒரு துண்டு போய்விடும். வெல்டிங் பிடித்துவிட்டதா என்பதை இழுத்து அறுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்பதால், மருத்துவச் சாதனங்களின் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 13485 முறைமைப்படி செயல்முறையையே முன்கூட்டி நிரூபித்துக் காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் செய்யும் தொழிற்சாலைக்கு அது நியாயமான செலவு. மாணவனின் மாதிரிக்கு வீண்.

வெப்பநிலை அளக்கும் கம்பிகளில் இந்தப் போட்டிக்கே பொருளில்லாமல் போகிறது. இதயத்துடிப்புக் கோளாறைச் சரிசெய்யத் தசையைச் சுடும் கதீற்றர்கள் சிலவற்றின் நுனியில், ஒரு செப்புக் கம்பியும் ஒரு கொன்ஸ்ரன்ரன் (செம்பு-நிக்கல் கலவை) கம்பியும் சேர்ந்த, வெப்பத்துக்கேற்ப சிறு மின்னழுத்தம் தரும் வெப்பவிணை இருக்கும். அந்தக் கொன்ஸ்ரன்ரன் கம்பி கைபிடிக்குள் பலகையின் செம்பைச் சேரும் புள்ளியும் இன்னொரு வெப்பவிணைதான். பாகைக்கு ஏறத்தாழ 40 மைக்றோவோல்ற்று அங்கேயும் பிறக்கிறது, எதிர்த்திசையில். இடையில் ஈயம் இருந்தாலும், அதன் இரு பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் வரை கணக்கு மாறாது. ஆனால் வைத்தியரின் உள்ளங்கைச் சூட்டில் அந்த இடம் ஐந்து பாகை ஏறி, கருவி அதை அறியாமலும் இருந்தால், நுனியின் வெப்பம் ஐந்து பாகை குறைவாகவே தெரியும். சுடும் வேலையில் பிழை விடக்கூடாத பக்கம் அது. ஈயமோ வெல்டிங்கோ, அந்தப் புள்ளியின் அருகிலேயே பலகையில் ஒரு வெப்ப உணரியை வைப்பதுதான் மருந்து.

நெரித்துப் பிடிக்கும் கிறிம்ப் முறையைப் படகு வயரிங்கில் நான் ஈயத்தை விட நம்புகிறேன். அங்கே வருவது பல இழைகள் கொண்ட தடித்த கம்பி. 0.08 மில்லிமீற்றர் ஒற்றைக் கம்பியை அப்படி நெரிப்பதற்கு, எனாமலை நீக்கி, சில மடிப்பு மடித்துப் பருமனாக்க வேண்டியிருக்கும்; கொஞ்சம் கூடினால் அறுந்துவிடும், கொஞ்சம் குறைந்தால் வழுக்கிவிடும். கைபிடியின் பின்பக்கச் சொக்கற்றின் ஊசிகளுக்கு அது பொருந்தும், தண்டிலிருந்து வரும் கம்பிகளுக்குப் பொருந்தாது. வெள்ளித்தூள் கலந்த கடத்துப் பசையை ஈரமான சூழலில் வெள்ளி மெல்ல நகர்ந்து பரவும் என்ற காரணத்துக்காகவே ஒதுக்கிவிட்டேன்.

ஈயத்துக்கு உண்மையான போட்டி, நெகிழ்சுற்றும் அதைப் பற்றிக்கொள்ளும் தாழ்ப்பாள் செருகியும்தான். பொலியிமைட் தாளில் படிந்த செப்புப் பாதைகள்; அந்தத் தாளின் வால், கைபேசிகளுக்குள் இருப்பதைப் போன்ற 0.5 மில்லிமீற்றர் இடைவெளிச் செருகிக்குள் போய், தாழ்ப்பாள் விழுந்ததும் நின்றுவிடும். இதன் பெரிய நன்மை, நுண்கம்பி வேலையைக் கைபிடிக்கு வெளியே கொண்டுவந்துவிடுவது. எனாமல் கம்பிகள் பத்தும் ஒரே நிறத்தில் இருந்தால், எது எந்த வளையத்துக்குரியது என்பதை ஒவ்வொன்றாக மீற்றர் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தட்டையான மேசையில், நுணுக்குக்காட்டிக்குக் கீழே, சிறு பலகையொன்றில் முடித்து, சோதித்து, பிறகு செருகிவிடலாம். கூடை வடிவில் விரியும் 64 மின்வாய்க் கதீற்றருக்கு வேறு வழியே எனக்குத் தெரியவில்லை. அத்தனை கம்பிகளையும் கைபிடிக்குள்ளேயே இருத்தி ஈயம் வைக்கச் சொன்னால் எந்தக் கையும் நடுங்கும்.

அசையும் இடத்திலும் நெகிழ்சுற்று கம்பியை வென்றுவிடுகிறது. தளர்வை அதிர்ஷ்டத்துக்கு விடாமல், யு வடிவ மடிப்பாக, இன்ன ஆரத்துக்குக் குறைய மடியாது என்று வரைபடத்திலேயே தீர்மானிக்கலாம். உருட்டிப் பதப்படுத்திய செப்புத் தாள் அத்தகைய மடிப்புக்கு நெடுநேரம் ஈடுகொடுக்கும். குறைகளும் உண்டு. இத்தகைய செருகியின் ஒரு தொடுகை பெரும்பாலும் 0.5 அம்பியருக்கே உரியது. நூறு ஓம் அளவான தசையில் 50 வாற்று செலுத்தினால் ஓடுவது 0.7 அம்பியர். எனவே சுடும் நுனியின் கம்பிக்கு இரண்டு தொடுகைகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது அதை மட்டும் தனியே ஈயத்தில் வைக்க வேண்டும். செருகியை அசைவு எட்டவும் கூடாது. வெள்ளீயம் பூசிய தொடுகைகள் நுண்ணிய உரசலில் தேய்ந்து ஒட்சைட்டு படிந்தால், முன்னர் சொன்ன அந்தக் கீறல் திரையில் வரத் தொடங்கும். தங்கப்பூச்சும், மடிப்புக்கும் செருகிக்கும் இடையில் ஓர் இறுக்கிப் பிடிப்பும் இல்லாமல் இந்த முறையை நான் ஏற்கமாட்டேன்.

ஆக, பத்து மின்வாய் வரை ஈயம் போதும் என்பதே என் தீர்ப்பு. இருபதுக்குப் போனால் சிறுபலகையும் செருகியும். அதற்கு மேல் நெகிழ்சுற்றைத் தவிர வேறெதுவும் வேண்டாம். அக்காவின் மகனுடைய மாதிரி பத்து மின்வாய்களுக்குரியது. பொலியூரித்தேன் எனாமல் கம்பியை வாங்கச் சொன்னேன்; சுரண்டும் வேலை ஒழிந்துவிடும். ஈயத்துளியிலிருந்து நான்கு மில்லிமீற்றர் தள்ளிக் கம்பியை மென்மையான சிலிக்கனால் பலகையில் ஒட்டிவிட்டால், மடிப்பு ஈயத்தின் விளிம்பை விட்டு எனாமல் மூடிய, கீறல்படாத பகுதிக்குப் போய்விடும்.

பழகிப் பார்ப்பதற்காகப் பழைய கைபிடியிலேயே அதைச் செய்து பார்த்தோம். ஒன்பது கம்பிகளையும் ஒரே பென்சிலில் ஒவ்வொரு சுற்றுச் சுற்றி, தளர்வைச் சமப்படுத்தி, கழுவி, சிலிக்கன் இட்டு, அடுத்த நாள் மீற்றரின் ஒலி கேட்கக் கேட்க வழுக்கியை ஐந்நூறு தடவை தள்ளினான். ஒலி ஒருதடவையும் விட்டுப்போகவில்லை. அறுந்திருந்த பத்தாவது கம்பியில் ஒரு சுற்றுக்குரிய நீளம் மிச்சமில்லை. அதற்கு மட்டும் பலகையின் முன்விளிம்பில் ஒரு செப்புத்திட்டை ஒட்டி, இணைப்பிடத்தைக் கம்பியை நோக்கி ஒன்பது மில்லிமீற்றர் முன்னே கொண்டுவந்தோம்.