15 டாலருக்கு ஒரு பெயர் அறிக்கை: ‘லியாண்டர்’

டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகருக்கு வடமேற்கே லியாண்டர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆஸ்டினிலிருந்து கிளம்பும் சிவப்புத் தட ரயில் அங்கே போய்த்தான் நிற்கும். என் தங்கை குடும்பம் அந்த ஊருக்குக் குடிபோய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பிறக்கப்போவது பையன் என்று தெரிந்த நாளிலிருந்து, ஊர்ப்பெயரையே பிள்ளைக்கும் வைத்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊர் ஒரு சாக்குதான். அவர் டென்னிஸ் பித்தர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் லியாண்டர் பயஸ் வெண்கலம் வென்ற ஆட்டத்தைப் பற்றி இப்போதும் நேற்று நடந்ததைப் போலப் பேசுவார். பெயருக்கு என்ன பொருள், அமெரிக்காவில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. குழந்தைப் பெயர்களுக்கென்றே நடத்தப்படும் ஓர் இணையதளத்தில், 15 டாலர் கட்டினால் ஒரு பெயரின் ‘முழு வரலாற்று அறிக்கை’ மின்னஞ்சலில் வரும் என்றிருந்ததைப் பார்த்து, தங்கைக்கு என் அன்பளிப்பாக இருக்கட்டும் என்று வாங்கினேன்.

மொத்தம் 22 பக்கங்கள். தங்க நிறக் கரை, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு சிங்கத் தலை. பொருளைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கிரேக்க மொழியில் சிங்கத்துக்கு ‘லெயோன்’ என்று பெயர்; ஆண்மகனைக் குறிக்கும் சொல்லின் வேர் ‘ஆந்தர்’. இரண்டும் சேர்ந்தது ‘லெயாந்த்ரொஸ்’, அதன் ஆங்கில வடிவம் லியாண்டர். இதை நான் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது, “அப்படியென்றால் நரசிங்கம் என்று சொல்லேன்டா, இதற்கா 15 டாலர்?” என்றார் அம்மா. இரண்டு சொற்களும் முன்பின்னாக மாறியிருப்பதைத் தவிர, அம்மாவின் மொழிபெயர்ப்பில் குறை காண முடியாது. மனிதரைக் காப்பவன் எனப் பொருள்படும் அலெக்சாந்தரும், நல்ல ஆண்மகன் எனப் பொருள்படும் இவாண்டரும், நம் ஊர் மாதா கோயில்களில் அந்திரேயா என்று வழங்கும் பெயரும் இதே வேரில் கிளைத்தவை. இப்படி ஒரு குடும்பமே இருப்பதை அறிக்கை ஒரு வரியிலாவது காட்டியிருக்கலாம். அந்த இடத்தில் அது தருவது அதிர்ஷ்ட எண் 7, அதிர்ஷ்டக் கல் புஷ்பராகம், ‘இப்பெயருடையோர் பிறவித் தலைவர்கள்’ என்ற பலன். கிரேக்கப் பெயருக்கு ராசிபலன் எழுத 6 பக்கங்கள் செலவாகியிருக்கின்றன.

என்னைக் கோபப்படுத்தியது இதுவன்று, பெயரின் கதையைச் சொன்ன விதம். ‘தன் காதலுக்காகக் கடலையே வென்ற வீரன்’ என்று தொடங்கி அந்த ஒரு பத்தியோடு முடித்துக்கொண்டார்கள். லியாண்டர் கடலை வெல்லவில்லை, மூழ்கி இறந்தான். இன்று டார்டனெல்ஸ் என்று வழங்கும் ஹெலஸ்பாண்ட் நீரிணையின் ஆசியக் கரையில் இருந்த அபிடோஸ் ஊர்க்காரன் அவன். எதிர்க்கரையில் உள்ள செஸ்டோஸில் அஃப்ரோடிட்டி தேவியின் பூசாரினியாக இருந்த பெண்ணைக் காண, அவள் கோபுரத்தில் ஏற்றிவைக்கும் விளக்கைக் குறிவைத்து இரவுதோறும் நீந்திப் போவான். புயலடித்த ஓர் இரவில் விளக்கு அணைந்தது, திசை தெரியாமல் அவன் இறந்தான், கரையொதுங்கிய உடலைக் கண்டு அவளும் கோபுரத்திலிருந்து குதித்தாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் முதல் எத்தனையோ பேர் எழுதிய கதை இது. அந்த நீரிணையை நீந்திக் கடக்க முடியுமா என்று பார்க்கவே ஆங்கிலக் கவிஞர் பைரன் 1810 மே 3 அன்று தண்ணீரில் இறங்கி, 1 மணி 10 நிமிடத்தில் மறுகரை ஏறினார். குழந்தைக்குப் பெயர் தேடும் ஒரு வீட்டார், அந்தப் பெயருக்கு உரியவன் அற்பாயுளில் நீரில் போனவன் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டுமா, தெரியாமல் முடிவெடுக்க வேண்டுமா? அலட்சியம் என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. விற்பனைக்காக மறைத்தார்கள் என்றே நினைக்கிறேன்.

அதே பக்கத்தில் ‘லியாண்டர் நீந்திச் சென்ற கோபுரம்’ என்று போட்டிருக்கும் படம் இஸ்தான்புல் நகரின் கன்னிக் கோபுரம். ஐரோப்பியர் அதை லியாண்டர் கோபுரம் என்றும் அழைத்தது உண்மைதான் என்றாலும், அது இருப்பது பாஸ்பரஸ் நீரிணையில்; கதை நடந்தது மர்மாரா கடலின் மறுகோடியில்.

அடுத்தது பெயரின் பரவல். உண்மையில் பணம் கட்டியதே இதற்காகத்தான். அறிக்கையில் மேல்நோக்கிப் பாயும் ஒரு கோட்டுப் படம் இருந்தது. ‘வேகமாக வளரும் பெயர்’ என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். எதை அளந்து போட்ட கோடு என்பதைக் கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தில்தான் கண்டுபிடித்தேன்: அந்த இணையதளத்தில் லியாண்டர் பக்கத்தை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கு அது. பார்த்தவர்கள் அனைவரும் பெயர் வைத்துவிட்டதாகக் கொண்டால், நானே சென்ற மாதம் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத் தகப்பனாகியிருப்பேன்.

உண்மைக் கணக்கு இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், பிறந்த குழந்தைகளுக்கு அட்டை கேட்டு வரும் விண்ணப்பங்களிலிருந்து பெயர்களைத் தொகுத்து, 1880-இல் பிறந்தவர்கள் தொடங்கி ஆண்டு வாரியாக வெளியிடுகிறது. அதன் தேடல் பக்கம் முதல் 1000 பெயர்களை மட்டுமே காட்டும் என்பதால், அங்கே இல்லாத பெயர் நாட்டிலேயே இல்லை என்று கருதிவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒன்றாக இருக்கும் எழுத்துக் கோப்புகளைத் தரவிறக்கித் திறக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் பெயர், காற்புள்ளி, ஆணா பெண்ணா என்பதற்கு ஓர் எழுத்து, காற்புள்ளி, எண்ணிக்கை. வேறு அலங்காரம் ஏதும் கிடையாது. அந்தரங்கம் கருதி, ஓர் ஆண்டில் 5 குழந்தைகளுக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயர்களை விட்டுவிடுகிறார்கள். எழுத்து ஒன்று மாறினாலும் தனிப் பெயராகவே எண்ணுகிறார்கள் என்பதால் லியாண்டரும் லியாண்ட்ரோவும் அங்கே ஒன்றுசேர்வதில்லை. 1937-க்கு முன் பிறந்தவர்களில் பலர் அட்டையே வாங்காதவர்கள், ஆகவே பழைய ஆண்டுகளின் எண்ணிக்கை குறைவாகவே தெரியும் என்பதையும் நிர்வாகமே சொல்லிவிடுகிறது. இத்தனை எச்சரிக்கைகளோடு பார்த்தாலும், 1880-களில் முதல் 1000-க்குள் இருந்த பெயர் பின்னர் நழுவி அரிய பெயராகிவிட்டது என்பது தெளிவாகிறது. 1882-இல் டெக்சாஸில் ரயில் பாதை பாக்தாத் என்ற பழைய குடியிருப்பை ஒதுக்கிச் சென்றபோது, பாதையோரம் உருவான புதிய ஊருக்கு லியாண்டர் பிரவுன் என்ற ரயில்வே அதிகாரியின் பெயரைச் சூட்டினார்கள் என்பதும் அந்தக் காலத்தோடு பொருந்துகிறது.

கிரேக்க நாட்டிலேயே இது ஏன் அதிகம் ஒலிப்பதில்லை என்பதற்கு அறிக்கையில் விடையில்லை. அங்கே தலைப்பிள்ளைக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை வைப்பது நெடுநாள் வழக்கம். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன், அதாவது பேரன் என்று சொல்லே வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யோர்கோஸ், யானிஸ், கோஸ்தாஸ் என்று புனிதர்களின் பெயர்களே தலைமுறைதோறும் சுற்றிவரும்போது, புராணக் காதலன் ஒருவனின் பெயர் உள்ளே நுழைய இடம் ஏது? ஸ்பெயினின் செவில் நகரில் 6-ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த புனிதர் லியாண்டர் இல்லாவிட்டால், லியாண்ட்ரோ என்ற வடிவம் ஸ்பானிய, போர்த்துக்கீசிய நாடுகளில் இவ்வளவு வேரூன்றியிருக்குமா என்பதும் ஐயமே. அந்த ஆயரும் அறிக்கையில் இல்லை. ‘புகழ்பெற்றவர்கள்’ பக்கத்தில், சென்னை அமிர்தராஜ் அகாடமியில் பயிற்சி பெற்ற பயஸும் இல்லை. மாப்பிள்ளை முதலில் தேடியது அந்தப் பெயரைத்தான். இரண்டு நாள் அறிக்கையைத் தொடவில்லை.

அறிக்கையோடு வந்த உச்சரிப்பு ஒலிப்பதிவு அழுத்தத்தை முதல் அசையில் போட்டு ‘லீ’ என்று இழுக்கிறது. ஆங்கிலத்தில் நடு அசை ஓங்கி ஒலிக்க வேண்டும்.

தங்க நிறக் கரை போட்ட பக்கத்தைச் சட்டமிட்டு மாட்ட விரும்புகிறவர்கள் 15 டாலர் கொடுக்கலாம். பொருளும் எண்ணிக்கையும் தேவைப்படுகிறவர்கள் ஒரு நல்ல கிரேக்க அகராதியையும் அரசின் கோப்புகளையும் பார்த்துக்கொள்ளலாம். பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டு எழுதினேன். தரவிறக்கிய அறிக்கைக்குப் பணம் திரும்பாது என்றும், அதற்கு ஈடாக, அடுத்து பெண் குழந்தை பிறந்தால் லியாண்டருக்குப் பொருத்தமான தங்கைப் பெயரின் அறிக்கையைப் பாதி விலைக்குத் தருவதாகவும் பதில் வந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்திருந்த பெயர், கோபுரத்தில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்த அந்தக் காதலியின் பெயர்: ஹீரோ. அண்ணன் லியாண்டர், தங்கை ஹீரோ. இதை மட்டும் நான் இன்னும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.