பழைய டாட் மேட்ரிக்ஸ், புது கம்ப்யூட்டர்: கேபிளா, கார்டா?

புரசைவாக்கத்தில் சித்தப்பாவின் பாத்திரக் கடையில் கம்ப்யூட்டரை மாற்றினோம். புதுப் பெட்டியில் பேரலல் போர்ட்டே (பழைய பிரிண்டர் கேபிளைச் செருகும் அகலமான ஓட்டை) இல்லை, பிரிண்டரோ இன்னும் நன்றாக ஓடுகிற டாட் மேட்ரிக்ஸ். ஊசி ரிப்பன்மேல் அடிப்பதால்தான் கார்பன் வைத்த மூன்று பில்லும் ஒரே அடியில் விழுகின்றன, லேசரிலோ இங்க்ஜெட்டிலோ அது நடக்காது. அதனால் பிரிண்டரைத் தூக்கிப் போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

ரிச்சி தெருவுக்குப் போனால் இரண்டு வழி: யூஎஸ்பி-பேரலல் கேபிள், இல்லையென்றால் கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டில் செருகுகிற பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு.

கேபிள் சில நூறு ரூபாய்தான், லேப்டாப்பிலும் ஓடும். வாங்கும்போது முனையைப் பாருங்கள். 36 பின் முனை என்றால் நேராக பிரிண்டரின் பின்னால் போகும், இரண்டு பக்கக் கம்பிக் கிளிப்பையும் மடக்கினால் டக்கென்று உட்காரும். 25 பின் முனை என்றால் பழைய கேபிளும் கூடவே வேண்டும். பிரிண்டரின் பின்பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

கேபிளின் பெரிய குறை, அது எல்பிடி1 போர்ட்டை (கம்ப்யூட்டரில் முதல் பேரலல் போர்ட்டின் பெயர்) தராது. விண்டோஸில் யூஎஸ்பி001 என்றுதான் வரும். பிரிண்டர் ப்ராபர்ட்டீஸில் அதை டிக் செய்தால் சாதாரண மென்பொருளுக்குப் போதும். எல்பிடி1-க்கே நேராக அனுப்புகிற பழைய பில்லிங் புரோகிராம் என்றால், பிரிண்டரை ஷேர் செய்து 'நெட் யூஸ்' கமாண்டில் எல்பிடி1-ஐ அந்த ஷேருக்குத் திருப்பிவிட வேண்டும். அப்புறம் ஒன்று: விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது, 16 பிட் டாஸ் புரோகிராம் அதில் திறக்கவே திறக்காது, எந்த அடாப்டர் போட்டாலும் சரி.

கார்டு நிஜமான பேரலல் போர்ட் தரும். பழைய ஸ்கேனர், பேரலல் டாங்கிள் (சில மென்பொருள் ஓடுவதற்குப் போர்ட்டில் செருகும் பூட்டுச் சாவி) வைத்திருப்பவர்களுக்குக் கேபிள் உதவாது, கார்டுதான் கதி. ஆனால் டெஸ்க்டாப்பில் மட்டுமே போட முடியும். புரோகிராம் போர்ட்டைத் தேடுகிற முகவரி எண்ணும் பழைய 378 ஆக இல்லாமல் வேறாக அமைவதுண்டு, அதையே தேடுகிற புரோகிராம் அங்கேயும் நின்றுவிடும்.

பில் மட்டும் அடிக்கிற கடைக்கு என் ஓட்டு கேபிளுக்கே. சித்தப்பா கடையிலும் அதுதான். ஒரு நாள் பெருக்கும்போது யாரோ கேபிளைக் கழற்றி வேறு யூஎஸ்பி ஓட்டையில் செருகிவிட, விண்டோஸ் யூஎஸ்பி002 என்று புதிதாக ஒன்றை உருவாக்கி, காலையில் பில்லே வரவில்லை. இப்போது சரியான ஓட்டைக்கு மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம்.