சொந்தப் பெயரா, புனைபெயரா, அனானியா?

படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கான இணையக் குழு ஒன்றை இன்னும் சிலரோடு சேர்ந்து நடத்துகிறேன். ஆள் சேரச் சேர, பெயர் சொல்லாமல் எழுத விடலாமா என்ற பேச்சு வந்தது, அட்மின்களுக்குள்ளேயே கட்சி பிரிந்தது. கடைசியில் எல்லோருக்கும் ஒரு நிலையான புனைபெயர், சொந்தப் பெயர் வேண்டாம், முழு அனானி, அதாவது எந்தப் பெயரும் இல்லாமல் எழுதுவது, ஒரே ஒரு பகுதியில் மட்டும் என்று முடிவானது. அந்த முடிவுக்காக வாதாடிய கட்சி நான். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இந்த விவாதத்தில் பாதி, புனைபெயர்க்காரரையும் அனானியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவது. புனைபெயர்க்காரர் யார் என்று நமக்குத் தெரியாது, ஆனால் நேற்று எழுதியவரும் இன்று எழுதுபவரும் ஒரே ஆள் என்று தெரியும். அனானி விஷயத்தில் அதுவும் தெரியாது. ஆக, தேர்வு மூன்றுக்கு நடுவில்.

சொந்தப் பெயரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெயர் தெரிந்தால் வாய் அடங்கும் என்பதுதான் அதற்கான ஒரே பெரிய வாதம். சொந்தப் பெயரும் குடும்பப் படமும் போட்டுக்கொண்டே அடுத்தவர் பிறப்பை இழுத்துத் திட்டுகிறவர்களைப் பார்த்த யாருக்கும் இது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியும். தென் கொரியாவில் இதைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தார்கள். 2007-ல் இருந்து, பெரிய இணையதளங்களில் எழுத வேண்டுமானால் அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும் என்ற விதி. 2011-ல் அங்கே ஒரு பெரிய ஹேக்கிங் நடந்து சுமார் 3.5 கோடி பேரின் தனிப்பட்ட விவரங்கள் கசிந்தன. 2012 ஆகஸ்டில் அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் விதியையே செல்லாது என்று தூக்கிவிட்டது. சட்டவிரோதப் பதிவுகள் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை, மக்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள் என்பதெல்லாம் காரணங்களில் உண்டு. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸும் 2011-ல் சொந்தப் பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக ஆரம்பித்து, 2014-ல் விட்டுக்கொடுத்தது. 2010-ல் பிளிஸார்ட் என்ற கேம் நிறுவனம், தன் விவாதப் பகுதியில் எழுதுகிறவர்களின் உண்மைப் பெயர் தெரியும்படி செய்யப்போவதாக அறிவித்தது. இதில் என்ன பயம் என்று காட்ட ஊழியர் ஒருவர் தன் பெயரைச் சொல்ல, அவருடையது என்று முகவரியும் போன் நம்பரும் கொஞ்ச நேரத்தில் இணையத்தில் வந்துவிட்டன. சில நாட்களில் திட்டம் கைவிடப்பட்டது.

எங்களுக்கு இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. எழுதுகிறவர் தன் பெயரைப் போட்டால் கட்டிலில் படுத்திருப்பவரின் பெயரும் தானாகத் தெரிந்துவிடும். அப்பாவுக்கு டயப்பர் மாற்றும்போது அவர் கையைத் தட்டிவிடுகிறார், என்ன செய்வது என்று மகள் கேட்கிறாள். கீழே அவள் முழுப்பெயர். அப்பாவோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர்கள் அதைப் படிக்கலாம். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எல்லோரும் எல்லோரையும் நேரில் அறிந்த சின்னத் தொழில்முறைக் குழுவுக்கும், பொருள் வாங்கி விற்கிற இடத்துக்கும் சொந்தப் பெயர் சரி. மற்றபடி எனக்கு அதில் சபலமே வந்ததில்லை.

அனானி விஷயம் அப்படி இல்லை. அதற்கு உண்மையான பலம் உண்டு, எதிர்த்து வாதாடும்போதே அதை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. "இவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று தோன்றுகிறது, எனக்கு மட்டும்தான் இப்படியா?" என்ற கேள்வியைச் சொந்தப் பெயரில் எழுத யாருக்கும் துணிச்சல் வராது, அது தெரிந்ததுதான். புனைபெயரிலும் வராது என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. ஒரு புனைபெயரில் நாலைந்து மாதம் எழுதினால் அந்தப் பெயருக்கே நண்பர்கள் சேர்ந்துவிடுகிறார்கள், 'எவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொள்கிறீர்கள்' என்ற பாராட்டு சேர்ந்துவிடுகிறது, அப்புறம் அந்தப் பெயரின் மானத்தையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. முகமே இல்லாத இடத்தில்தான் சில உண்மைகள் வெளியே வரும். அதற்குப் பதில் சொல்பவர்களும், ஆமாம், எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல, அனானியாகத்தான் வருகிறார்கள்.

சரி, அப்படியானால் முழுக்க அனானியாகவே விட்டுவிட வேண்டியதுதானே? விட முடியாததற்குக் காரணம் மரியாதையோ நாகரிகமோ இல்லை. கெட்ட வார்த்தையை வடிகட்ட ஆயிரம் வழி இருக்கிறது. காரணம் குழுவைப் பராமரிக்கிற வேலை. இந்த ஒப்பீட்டில் என்னைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஒருவர் கேட்கிறார்: மாத்திரையை விழுங்க முடியவில்லை, பொடி செய்து தண்ணீரில் கலந்து கொடுக்கலாமா? கீழே இரண்டு பதில். ஒன்று, "தாராளமாகக் கொடுங்கள், நாங்கள் அப்படித்தான் கொடுக்கிறோம்." இன்னொன்று, "எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். அட்டையில் என்ன பெயர் போட்டிருக்கிறது பாருங்கள், மருந்துக் கடையில் கேட்காமல் செய்யாதீர்கள்." இரண்டாவதுதான் சரி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அதைப் படிப்பவருக்கு எது சரி என்று எப்படித் தெரியும்? இரண்டும் பெயரில்லாத இரண்டு வாக்கியங்கள், அதில் முதலாவது இன்னும் ஆறுதலாக வேறு இருக்கிறது. இரண்டாவதுக்கு மேல் ஒரு புனைபெயர் இருந்து, அதைத் தட்டினால் அவர் இதுவரை எழுதிய பதில்கள் வரிசையாக வந்து, அவற்றில் பல இடத்தில் 'நான் சொன்னது தவறு, இன்னார் சொல்வதுதான் சரி' என்று அவரே திருத்திக்கொண்டதும் தெரிந்தால், படிப்பவர் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது. அவர் உண்மையில் மருந்தாளுநரா என்று எங்களுக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, அவர் எழுதியது மொத்தமாகக் கண் முன்னால் இருந்தால் போதும்.

அட்மின் பக்கம் வேலை இன்னும் மோசம். ஒரு பதிவை விடலாமா, தூக்கலாமா என்று முடிவெடுக்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்தப் பதிவைப் படிப்பதில் போவதில்லை. எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று கணிப்பதில்தான் போகிறது. கோபமாக எழுதியவர் எப்போதும் இப்படியா, அல்லது பல நாள் தூங்காமல் இன்று வெடித்தாரா? பழக்கமான பெயர் என்றால் ஒரு பார்வையில் முடிந்தது. அனானி என்றால் ஒவ்வொரு பதிவும் புது ஆள், நேற்று செய்த வேலை இன்றைக்கு உதவாது, தினமும் வேலையில் சேர்ந்த முதல் நாள் மாதிரி.

வியாபாரிகள் வரும்போது இது பச்சையாகத் தெரியும். படுக்கைப்புண்ணை ஒரு வாரத்தில் ஆற்றும் எண்ணெய் என்று ஒரு பதிவு. கீழே, என் மாமியாருக்கு இதனால்தான் குணமானது. அதற்குக் கீழே, எங்கே கிடைக்கும் என்று ஆவலாக ஒரு கேள்வி. மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். பெயர்கள் இருந்தால், மூன்றும் இன்று காலைதான் சேர்ந்தவை, வேறு எதையும் எழுதாதவை என்று உடனே கண்ணில் படும். பெயர் இல்லையென்றால் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்புக்கு இருக்கும் எண்ணை, தோண்ட வேண்டும், மொபைல் இணையத்தில் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் சம்பந்தமே இல்லாத பலர் இருப்பார்கள், அதைத் தடுத்தால் பாவம் யாரோ ஒருவர், என்ன குற்றம் செய்தோம் என்றே தெரியாமல் வெளியே நிற்பார். இந்த வேலையைச் சம்பளம் வாங்கிச் செய்கிற பெரிய நிறுவனங்களின் கணக்கு வேறாக இருக்கலாம். எங்கள் அட்மின்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு கட்டில் இருக்கிறது.

இதில் சுவாரசியம், பெயர் வேண்டாம் என்று ஆரம்பித்த இடங்களே மெல்ல ஏதோ ஒரு பெயரைத் திரும்பக் கொண்டுவந்தன என்பது. 2003-ல் தொடங்கிய 4சான் என்ற விவாதத் தளத்தில் கணக்கே கிடையாது, ஆனாலும் ஒரு கடவுச்சொல்லை வைத்து 'முன்பு எழுதியவனும் நான்தான்' என்று காட்டிக்கொள்ளும் டிரிப்கோடு என்ற வசதி இருந்தது. விக்கிபீடியாவில் முன்பு கணக்கு இல்லாமல் தொகுத்தால் ஐபி முகவரி எல்லோருக்கும் தெரிந்தது, அதாவது பெயர் கொடுக்காதவர் புனைபெயர்க்காரரை விட அதிகமாக அம்பலப்பட்டு நின்றார். இப்போது அதற்குப் பதிலாகத் தற்காலிகக் கணக்கு கொண்டுவந்திருக்கிறார்கள். கணக்கு இல்லாமல் தொகுப்பவருக்கு ஒரு எண் பெயராகத் தானாகவே ஒட்டிக்கொள்ளும், 90 நாள் வரை இருக்கும். யார் என்று கேட்காமலே, ஒரே ஆள்தான் என்பதை மட்டும் பிடித்துவைக்கிற ஏற்பாடு. எனக்கு இது கிட்டத்தட்டப் புனைபெயர்தான்.

எதிர்ப்பக்கச் சாட்சியையும் மறைக்கக் கூடாது. யிக் யாக் என்ற செயலி பெயரில்லாமல் எழுதுவதற்காகவே பிரபலமானது. 2016-ல் எல்லோருக்கும் ஒரு புனைபெயரைக் கட்டாயமாக்கியது, பயனர்களுக்குப் பிடிக்கவில்லை, சில மாதங்களில் பின்வாங்கியது, 2017-ல் மூடப்பட்டது (பின்னாளில் வேறு கையில் திரும்பி வந்தது தனிக்கதை). அதற்கு வேறு பிரச்சினைகளும் இருந்தன, பெயர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அனானிக்காகவே கூடிய கூட்டத்தின் மேல் நடுவழியில் பெயரைத் திணித்தால் கலைந்துவிடும் என்பது தெளிவு. முடிவை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுவது நல்லது.

இனி, நான் பிடித்துக்கொண்டிருக்கும் புனைபெயரின் ஓட்டைகள். ஒரே ஆள் நாலு ஐடி வைத்துக்கொள்வதை முழுதாகத் தடுக்க முடியாது. புதுக் கணக்கின் முதல் சில பதிவுகளை நாங்கள் பார்த்த பிறகே வெளியிடுகிறோம், அவசரக்காரர்கள் பாதிப் பேர் அந்த இடத்திலேயே சலித்துப் போய்விடுகிறார்கள், பொறுமைசாலிகள் தப்பித்துவிடுகிறார்கள். இன்னொன்று இதைவிடக் கவலை தருவது. புனைபெயர் மெல்ல மெல்லக் கசியும். ஒரு நாள் நோயின் பெயர், இன்னொரு நாள் எத்தனை பிள்ளைகள், வேறொரு நாள் எந்த ஷிஃப்ட் வேலை, இரண்டு வருடப் பதிவுகளைச் சேர்த்துப் படித்தால் நெருங்கிய உறவினர் யாரும் 'அட, நம்ம இவள்தானே' என்று கண்டுபிடித்துவிடலாம். எல்லாப் பதிவும் ஒரே இடத்தில் கிடைப்பது நம்பிக்கைக்கு எவ்வளவு உதவுகிறதோ, காட்டிக்கொடுப்பதற்கும் அவ்வளவு உதவும். இந்த ஒரு விஷயத்தில் அனானிதான் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை.

அதனால்தான் அந்த ஒரு பகுதியை மட்டும் அனானிக்கு விட்டோம். ஃபேஸ்புக் குழுக்களில் இருக்கும் ஏற்பாடு போலத்தான், மற்ற உறுப்பினர்களுக்குப் பெயர் தெரியாது, அட்மினுக்குத் தெரியும். அட்மினுக்குத் தெரியும் என்பதை எழுதும் பெட்டிக்கு மேலேயே போட்டுவிட்டோம், தெரியாமல் கொட்டிவிட்டுப் பிறகு பதற வேண்டாம் என்பதற்காக. மனசில் இருப்பதை அங்கே சொல்லலாம், ஆனால் மருந்து, மாத்திரை, புண், குழாய் பற்றிய ஆலோசனை அங்கே கூடாது, அதற்குப் புனைபெயரோடு வர வேண்டும். வருகிற பதிவுகள் எல்லாவற்றையும் படித்துத்தான் விடுகிறோம், குறைவாக வருவதால் முடிகிறது. லட்சம் பேர் இருக்கும் இடத்தில் இது தாங்குமா என்று எனக்குக் கேள்விதான்.

எனக்கு அனுபவம் இல்லாத இடங்களும் உண்டு. வேலை செய்யும் இடத்தின் ஊழலைச் சொல்ல வருகிறவர், அரசாங்கத்துக்குப் பயந்து எழுதுகிறவர், இவர்களுக்கு எல்லாம் அட்மினுக்குத் தெரியும் என்பதே ஆபத்து, நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாட்டை அவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். பதின்வயதுப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் இடங்களை நான் நடத்திப் பார்த்ததில்லை. வெறும் அரட்டைக்கும் கேலிக்கும் கூடுகிற இடமென்றால் அனானியே போதும், அங்கே யார் சொன்னது என்று யாருக்கும் கவலை இல்லை.

இப்போது எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு வேறு. நோயாளி இறந்த பிறகு சிலர் தாங்கள் எழுதிய அத்தனையையும் அழிக்கச் சொல்கிறார்கள், கேட்பது நியாயம்தான், ஆனால் அழித்தால் அவர்களுக்குப் பதில் சொன்னவர்கள் எழுதியதெல்லாம் அந்தரத்தில் நிற்கிறது, புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் அதிகம் உதவுகிறது. தற்போதைக்கு எழுத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் 'விலகியவர்' என்று மாற்றுகிறோம், ஆளை அடையாளம் காட்டும் வரிகளை அவர்களையே சுட்டிக்காட்டச் சொல்லி அவற்றை மட்டும் எடுக்கிறோம். அட்மின்களில் ஒருவருக்கு இன்னும் இதில் உடன்பாடு இல்லை, கேட்டால் முழுதாக அழித்துத்தான் ஆக வேண்டும் என்கிறார்.