லீவுக்குப் போன இடத்தில் இதய எம்ஆர்ஐ

வெளிநாட்டில் மாதக்கணக்கில் காத்திருந்து எடுக்கும் இதய எம்ஆர்ஐ, சென்னை, கோவை, மதுரையில் பெரும்பாலும் சில நாட்களிலேயே கிடைத்துவிடுகிறது. மெஷின் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். படம் கெடுவது சின்னச் சின்ன விஷயங்களில்.

போனில் "எம்ஆர்ஐ இருக்கா?" என்று கேட்டால் எல்லா சென்டரிலும் இருக்கிறது என்பார்கள். தலைக்கும் முதுகுக்கும் எடுக்கிற இடத்தில் இதயத்துக்கான சாஃப்ட்வேர் இல்லாமல் போகலாம். வாரத்துக்கு எத்தனை இதய ஸ்கேன், ரிப்போர்ட் எழுதுபவர் யார் என்று கேளுங்கள். 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அளவு) விளம்பரத்தைப் பார்த்து ஓட வேண்டாம். இதயத்துக்கு 1.5 தாராளம், 3-ல் அசையும் படங்களில் கறுப்புப் பட்டை விழும் தொல்லை அதிகம்.

டாக்டர் லெட்டரும் புதிதாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். அடினோசின் போன்ற மருந்து ஏற்றி இதய ரத்தக் குழாய்களை விரியவைத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் ஸ்கேன் என்றால் 24 மணி நேரம் காபி, டீ, கோலா கூடாது. கெஃபீன் அந்த மருந்தை வேலை செய்யவிடாது. ரத்த ஓட்டக் குறைவு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். காலையில் பழக்கதோஷத்தில் ஒரு டம்ளர் உள்ளே போயிருந்தால் சொல்லிவிடுவதே மேல்.

பெரியவர்கள் தாலியைக் கழற்றத் தயங்குவார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. அதில் கோத்திருக்கும் ஊக்குகளை இழுக்கும். மெட்டி, அரைஞாண் கயிற்றுத் தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டால் வாசலில் வாக்குவாதம் இருக்காது. ஸ்டென்ட் பிரச்சினையில்லை. பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டையை முன்கூட்டியே காட்ட வேண்டும். அன்று எண்ணெய்க் குளியலும் வேண்டாம். நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி ஸ்டிக்கர் வழுக்கினால், துடிப்போடு படத்தை இணைக்க முடியாது, எல்லாம் கலங்கிவிடும்.

பெரும்பாலும் சறுக்குவது மூச்சில்தான். இதயத்தைக் குறுக்காக 8 மில்லிமீட்டர் கனத்தில் 10, 12 துண்டுகளாக எடுப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் சுமார் 10 விநாடி மூச்சை நிறுத்த வேண்டும், அதுவும் வெளியே விட்ட பிறகு. "மூச்சை நிறுத்துங்க" என்றதும் நம்மவர்கள் நெஞ்சு நிறைய இழுத்துப் பிடிப்பார்கள். இழுக்கிற அளவு ஒவ்வொரு முறையும் மாறும், இதயம் ஏறி இறங்கும், ஒரு துண்டு இரண்டு தடவை விழும், இன்னொன்று விடுபடும். அந்தத் துண்டுகளைக் கூட்டித்தான் இதயத்தின் கொள்ளளவைக் கணக்கிடுகிறார்கள், ஆகவே பம்பிங் சதவீதமும் தப்பாகிவிடும். "இழுங்க, விடுங்க, அப்படியே இருங்க" என்று முந்தின நாளே வீட்டில் பத்துத் தடவை பழக்குங்கள். சில மெஷின்களில் பதிவுக் குரல் ஆங்கிலத்தில் வரும். டெக்னீஷியனையே மைக்கில் தமிழில் சொல்லச் சொன்னால் மறுக்க மாட்டார்.

பாதியில் கடோலினியம் என்ற, படத்தில் வித்தியாசத்தைத் துலக்கிக் காட்டும் மருந்தை ஊசியில் போடுவார்கள். இதயத் தசையில் இருக்கும் தழும்பைப் பார்க்க 10 முதல் 15 நிமிடம் பொறுக்க வேண்டும். அடுத்தவர் காத்திருக்கிறார் என்று அவசரப்பட்டால் இதய அறைக்குள் இருக்கும் ரத்தமும் தழும்பும் ஒரே வெள்ளையாகத் தெரியும். ரிப்போர்ட்டில் தழும்பு சுவரின் கனத்தில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பாதியைத் தாண்டியிருந்தால், அடைப்பை நீக்கினாலும் அந்த இடம் மறுபடி நன்றாகச் சுருங்கும் வாய்ப்பு குறைவு. பம்பிங் சதவீதம் எக்கோவில் 45, எம்ஆர்ஐயில் 52 என்று வந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அளக்கும் முறை வேறு. உயரத்தையும் எடையையும் வாய்மொழியாகச் சொல்லாமல் அங்கேயே அளக்கச் சொல்லுங்கள். கொள்ளளவை உடல் அளவுக்கு வகுத்துத்தான் பெரிதா, சரியா என்று சொல்கிறார்கள்.

கவுன்ட்டரில் பெயரைப் பதியும்போது பாஸ்போர்ட்டை நீட்டுங்கள். ஊர் வழக்கப்படி இனிஷியலோடு பதிந்தால், டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் மருத்துவமனைக் கம்ப்யூட்டர் இது வேறு ஆள் என்று ஒதுக்கிவிடலாம். பிறந்த தேதியும் அப்படியே. வயதை மட்டும் போட்டால் போதாது.

பெரிய பிலிமைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துப் பயனில்லை, அதில் இதயம் அசையாது. டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுக் கோப்பு வடிவம்) வடிவில் முழு ஸ்கேனையும் சிடியிலோ பென் டிரைவிலோ கேளுங்கள். வாங்கியதும் அங்கேயே திறந்து பாருங்கள். நூற்றுக்கணக்கில், பல சமயம் ஆயிரத்துக்கும் மேல் படங்கள் இருக்கும். ஐம்பது, அறுபதுதான் வந்தால், பிலிமுக்குப் பொறுக்கியதை மட்டும் எழுதித் தந்திருக்கிறார்கள். திரும்பக் கொடுத்து முழுசாக வாங்குங்கள்.