கண்மாய்க் கரையைக் கண்காணிக்க எது தோது?

மண் அணைகள் பெரும்பாலும் இரண்டு விதமாக உடைகின்றன: வெள்ளம் கரைமேல் ஏறி வழிந்து, அல்லது நீர் உள்ளுக்குள்ளேயே மண்ணை அரித்து. முதலாவதற்கு, உபரி நீரை வெளியேற்றும் கலுங்கு இருக்கிறது, தூர்ந்து கிடக்காதவரை. இரண்டாவதுதான் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளும் மண் அணைகளே. ஆனால் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமானவற்றையும், சில நிபந்தனைகளோடு 10 மீட்டரைத் தாண்டியவற்றையும்தான் சேர்த்துக்கொள்கிறது. நம் கரைகளை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரைக்குள் நீரழுத்தத்தை அளப்பது பீசோமீட்டர். திறந்த குழாய் வகை மலிவு, பழுதாவது குறைவு. ஆனால் களிமண்ணில் அழுத்தம் மாறினால் குழாயில் தெரிய நாள்கணக்கில் ஆகலாம். கம்பியின் அதிர்வை மின்கருவியால் படிக்கும் அதிர்கம்பி வகை உடனே சொல்லிவிடும். விலை கூடுதல், ஐப்பசி இடிமின்னலுக்குத் தாங்காமல் போகவும் கூடும். இரண்டுக்கும் பொதுவான குறை, பதித்த இடத்தை மட்டுமே அறியும். பத்தடி தள்ளி அரிப்பு ஓடினால் தெரியாமலே போகலாம்.

கண்ணாடி இழைக் கேபிள் கரை நெடுகிலும் வெப்பநிலை மாற்றத்தை வைத்துக் கசிவைக் காட்டும். பெரிய அணைக்கு அருமையான கருவி. வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும் கண்மாய்க்கு அந்தச் செலவு வீண் என்பேன்.

என் தேர்வு, கரையடி வாய்க்காலில் வி வடிவில் வெட்டிய ஒரு தகடும், கரையில் நடக்கும் ஆளும். தகட்டில் வழியும் நீரின் உயரம் மொத்தக் கசிவையும் சொல்லும். கண்மாய் மட்டம் ஏறாமலே கசிவு ஏறினால் எச்சரிக்கை. தெளிந்த கசிவு எல்லா மண் கரையிலும் உண்டு; கலங்கி வந்தால் கரையின் மண்ணே வெளியேறுகிறது என்று அர்த்தம். அமெரிக்காவின் டீட்டன் அணை முதல் நிரப்பலின்போதே, 1976 ஜூன் 5 அன்று உடைந்தது. காலையில் கலங்கல் நீர் தென்பட்டது, நண்பகலுக்குள் அணை போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள். சில மணி நேரம்தான் அவகாசம். அதனால் கோடையில் காய்ந்து வெடிப்பு விட்ட கரை முதல்முறை நிரம்பும் நாட்களில் ராத்திரியிலும் ஆள் நடக்க வேண்டும். வெளிச்சரிவில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் கசிவும் எலிவளையும் கண்ணில் படாது, அதை முதலில் வெட்டுங்கள்.

கரைக்குக் கீழே வீடுகள் இருந்தால் மட்டும் இன்னொன்றும் சேர்ப்பேன்: மடைக்கு இரண்டு பக்கமும் திறந்த குழாய் பீசோமீட்டர். மடைக் கட்டுமானமும் மண்ணும் ஒட்டும் இடத்தில்தான் நீர் எளிதாக வழி பிடிக்கிறது.